மான் மோதிய எஃப்-150: பம்பரை மட்டும் மாற்றினால் போதுமா?

ஊர்சுற்றி:
வணக்கம் நண்பர்களே. வண்டி 2018 ஃபோர்டு எஃப்-150 லாரியட் பிக்கப், 2.7 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ எஞ்சின். இடம் பென்சில்வேனியா. நேற்று இரவு 40 மைல் வேகத்தில் போகும்போது மான் குறுக்கே வந்து வலது முனையில் மோதியது. ஏர்பேக் விரியவில்லை. குரோம் பம்பரின் வலது பக்கம் ஒரு சாண் அளவு உள்ளே மடங்கியிருக்கிறது. ஃபாக் லேம்ப் ஒயரில் தொங்குகிறது, கிரில்லின் அடிப்பகுதி உடைந்துவிட்டது. கூலன்ட் ஒழுகவில்லை, வண்டி ஓடுகிறது, ஆனால் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. அடாப்டிவ் க்ரூஸ் (முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே மாற்றும் வசதி) உள்ள வண்டி.

பம்பரை வீட்டிலேயே மாற்ற முடியுமா? ஃபோர்டு பம்பர் வாங்குவதா, வெளிக் கம்பெனிப் பம்பரா? இல்லை, இதுதான் சாக்கு என்று கிரில் கார்டுடன் வரும் கனமான ஸ்டீல் பம்பருக்கே மாறிவிடலாமா?

கரிசல்காடு:
வண்டியைக் கழுவிடாதீங்க. முதல்ல போட்டோ எடுங்க. பம்பர் இடுக்குல, கிரில்ல ஒட்டியிருக்கிற மான் முடியும் ரத்தக்கறையும்தான் உங்க சாட்சி. மான் மோதினா காப்பீட்டுல காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதம்) பிரிவுல வரும். மானுக்கு ஒதுங்கப் போய் மரத்துல மோதியிருந்தா அது கொலிஷன் (மோதல்) பிரிவு, டிடக்டிபிளும் (நம்ம கையில இருந்து கட்டுற பங்கு) வேற. முடி இருந்தா அந்தக் கேள்வியே எழாது. அட்ஜஸ்டர் (காப்பீட்டு மதிப்பீட்டாளர்) பார்த்த பிறகு கையுறை போட்டு, குளிர்ந்த தண்ணி விட்டு மெதுவா கழுவுங்க. முடியில உண்ணி இருக்கும். பிரஷர் வாஷரை கிரில்லுக்குப் பின்னால இருக்கிற ஏசி கன்டென்சர் பக்கமே கொண்டு போகாதீங்க, அதோட மெல்லிய தகடுகள் எல்லாம் மடங்கிடும்.

இன்னொண்ணு, மானை எடுத்துட்டுப் போயிருந்தா 24 மணி நேரத்துக்குள்ள மாநில கேம் கமிஷனுக்கு (வனவிலங்குத் துறை) சொல்லி அனுமதி எண் வாங்கணும். கொம்பு இருந்தா அதை அவங்ககிட்ட ஒப்படைக்கணும்.

ஸ்பேனர்_பதினெட்டு:
பம்பர் கடைசி வேலை. அதற்குப் பின்னால் என்ன ஆனது என்று முதலில் பாருங்கள். இந்த வண்டியில் கிரில்லுக்குப் பின்னால் ஆக்டிவ் ஷட்டர் (காற்று வழியைத் தானே திறந்து மூடும் தகடுகள்), ஏசி கன்டென்சர், ரேடியேட்டர் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. ஈகோபூஸ்ட் என்பதால் டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் தாழ்வாக, பம்பர் திறப்புக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. கூலன்ட் ஒழுகவில்லை என்பதை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது.

ஸ்கேனரை மாட்டிப் பிழைக் குறியீட்டைப் படியுங்கள். யு0284 வந்தால் ஷட்டர் மாட்யூலோடு தொடர்பு அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கனெக்டர் பிய்ந்திருக்கும் அல்லது ஷட்டரே உடைந்திருக்கும். பி0299 வந்தால் டர்போ அழுத்தம் குறைகிறது. இன்டர்கூலர் வெடிப்பு, குழாய் கிளாம்ப் கழன்றது, இரண்டையும் பாருங்கள். ஏசி காற்று குளிராமல், கன்டென்சரில் எண்ணெய்ப் பசையாக ஈரம் இருந்தால் வாயு கசிகிறது. அதை வீட்டில் திறந்து விடக் கூடாது, அது சட்டப்படி குற்றம். ஹூட் அடியில் இருக்கும் லேபிளில் ஏசி வாயு ஆர்-134ஏ என்றோ ஆர்-1234ஒய்எஃப் என்றோ போட்டிருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஏற்றவே கூடாது.

அடுத்தது சேசிஸின் முன் கொம்புகள், அதாவது பம்பர் பிராக்கெட் மாட்டும் இரண்டு முனைகள். இடது கொம்பின் ஒரு துளையிலிருந்து வலது பக்கச் சேசிஸில் பின்னால் உள்ள ஒரு துளைக்கு டேப் பிடியுங்கள். பிறகு அதே துளைகளை எதிர்ப்பக்கமாக அளந்து பாருங்கள். குறுக்களவுகள் இரண்டும் 3 மிமீக்கு மேல் வேறுபட்டால் கொம்பு வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. புதுப் பம்பரை இழுத்துப் பிடித்து மாட்டுவதால் அது நேராகிவிடாது. ஃப்ரேம் கடையில்தான் நிமிர்த்த வேண்டும். ஹூட்டுக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் பம்பரை வீட்டில் மாற்றுவது ஒரு பகல் வேலை. முந்தின இரவே நட்டுகளில் துருவை இளக்கும் பெனிட்ரேட்டிங் ஆயில் அடித்து வையுங்கள். உங்கள் ஊர்ச் சாலை உப்புக்கு அவை துருப்பிடித்திருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள், ஏர்பேக் சென்சார்கள் முன்பக்கம்தான் இருக்கின்றன. ஃபாக் லேம்ப், பார்க்கிங் சென்சார் ஒயர்களைப் பிரித்துவிட்டு, பிராக்கெட் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். துளைகள் நீள்வட்டமானவை, குறி இல்லாவிட்டால் பழைய இடம் கிடைக்காது. இறக்கும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் முறுக்கி, கிரில்லோடு இடைவெளி சமமானதும் மேனுவல் சொல்லும் முறுக்கு விசை அளவில் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலிலேயே இறுக்கிவிட்டால் மறுபக்கம் சாய்ந்தே நிற்கும்.

லான்காஸ்டர்_வாசி:
பழைய பம்பரைச் சங்கிலி போட்டு இழுத்து நிமிர்த்தும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். தகடு நிமிரும், குரோம் நிமிராது. மடிந்த இடத்தில் மயிரிழை விரிசல் விழும், ஒரு குளிர்காலத்தின் உப்பு அதற்குள் போனால் குரோம் செதில் செதிலாக உரியும். வெளிக் கம்பெனி என்றால் காபா (CAPA) தர முத்திரை உள்ளதாகப் பாருங்கள். முத்திரை இல்லாத மலிவான பம்பர்களில் குரோம் மெல்லியது, துளைகளும் இடம் மாறியிருக்கும். பழைய உதிரிபாக யார்டில் நல்ல ஃபோர்டு பம்பர் கிடைத்தால் எனக்கு அதுதான் முதல் தேர்வு.

வாங்கும்போது மூன்று விஷயம். 2018-இல் முன்பக்க வடிவம் மாறியது, அதனால் 2018 முதல் 2020 வரையிலான பம்பர்தான் வேண்டும். 2015–2017 பம்பர் பார்க்க ஒத்தது போலத் தெரிந்தாலும் பொருந்தாது. ஃபாக் லேம்ப் துளையும் பார்க்கிங் சென்சார் துளையும் உள்ளதா என்று கேளுங்கள். பல விற்பனையாளர்கள் முகத்தகட்டை மட்டும்தான் தருவார்கள், பிராக்கெட்டுகளைத் தனியாக வாங்க வேண்டும். விஐஎன் எண்ணை (வண்டியின் அடையாள எண்) சொல்லி ஆர்டர் செய்தால் திருப்பி அனுப்பும் அலைச்சல் இல்லை.

ஹூட்டிலோ ஃபெண்டரிலோ நெளிவு இருந்தால் சொல்கிறேன்: அவை அலுமினியம். ஸ்டீலுக்குப் பயன்படுத்திய சுத்தியலும் சாண்டிங் டிஸ்க்கும் அதில் படக் கூடாது. இரும்புத் துகள் பதிந்தால் பெயின்ட் அடியிலேயே அரிப்பு தொடங்கி, பிறகு கொப்புளமாக எழும்பும்.

ஊர்சுற்றி:
நன்றி. பிழைக் குறியீடு யு0284-தான். குறுக்களவில் 1 மிமீ வித்தியாசம் மட்டுமே. அடாப்டிவ் க்ரூஸ் ரேடார் பற்றியும் கனமான பம்பர் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

ஸ்பேனர்_பதினெட்டு:
1 மிமீ என்றால் கவலை இல்லை. ஷட்டரை மாற்றியதும் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, அது திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

ரேடாரைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். அது தானியங்கிப் பிரேக்கையும் இயக்குகிறது. 1 டிகிரி திரும்பினாலே 100 மீட்டர் தொலைவில் பார்வை 1.75 மீட்டர் விலகும், கிட்டத்தட்ட அரை லேன். பக்கத்து லேன் வண்டிக்குப் பிரேக் போடும், முன்னால் நிற்பதைக் கவனிக்காமல் விடும். அதன் பிராக்கெட் துளியளவு வளைந்திருந்தாலும் புதிதாக மாற்றுங்கள், நிமிர்த்த வேண்டாம். பம்பரைக் கழற்றி மாட்டிய பிறகு டீலரிடமோ சரியான ஸ்கேன் கருவி உள்ள கடையிலோ அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவையும் காப்பீட்டு மதிப்பீட்டில் எழுதச் சொல்லுங்கள், பல மதிப்பீடுகளில் அது விட்டுப்போகிறது.

டீசல்_மாரி:
கனமான பம்பர் பத்தி நான் சொல்றேன். மூணு அங்குலக் குழாயை வளைச்ச புல் பார் மானுக்கு உதவாது. அது கீழ மாட்டியிருக்கும், மானோட உடம்பு அதுக்கு மேல கிரில்ல விழும். குழாயே பின்னால மடங்கி ரேடியேட்டரைக் குத்தவும் செய்யும். நிஜமா தாங்குறது சேசிஸ் கொம்புல நேரா மாட்டுற முழு ஸ்டீல் பம்பரும், ஹெட்லைட்டையும் சேர்த்துக் காக்குற கார்டும்தான்.

ஆனா அது 150, 200 பவுண்டுக்கு மேல வரும். வண்டியை இழுக்கிற வின்ச் வெச்சா இன்னும் கூடும். கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல முன் ஆக்சிலோட உச்ச எடை இருக்கும், எடைமேடையில நிறுத்திப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. மூக்கு தாழும், ஹெட்லைட் வெளிச்சம் விழுற உயரத்தையும் வீல் அலைன்மென்ட்டையும் திரும்பப் பார்க்கணும். இன்டர்கூலருக்குக் காத்து போற வழி திறந்திருக்கணும், ரேடாருக்கு முன்னால ஸ்டீல் வரவே கூடாது. "அடாப்டிவ் க்ரூஸ் உள்ள வண்டிக்கு"ன்னு தெளிவா எழுதியிருக்கிற மாடலா மட்டும் வாங்குங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. மோதும்போது கம்பெனிப் பம்பர் மடங்கித்தான் அடியை வாங்கிக்குது. அரை அங்குலத் தடுமன் பிராக்கெட்டோட வர்ற பம்பர் மடங்காது, பலமான மோதல்ல அந்த அடி சேசிஸுக்குப் போகும். கிராமத்து ரோட்டுல தினமும் விடியக்காலையும் ராத்திரியும் ஓட்டுறவங்களுக்கு அந்த விலை தகும். ஊருக்குள்ள ஓட்டுற வண்டின்னா ஃபோர்டு பம்பரையே போட்டு, மிச்சக் காசுல நல்ல ஹெட்லைட் பல்பு மாத்துங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மான் இணை தேடுற காலம், பொழுது சாய்ஞ்சா வேகத்தைக் குறைங்க. ஒரு மான் ரோட்டைத் தாண்டினா பின்னால இன்னொண்ணு வரும்னு வெச்சுக்குங்க.