மிர்-122 டெஸ்ட் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? அம்மாவுக்கு எஸ்ஜிபிடி கூடியிருக்கிறது

கொட்டகலை_தம்பி:
வணக்கம். அம்மா காசநோய் மருந்து எடுக்கிறார், இது இரண்டாவது மாதம். போன கிளினிக்கில் எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பைப் பார்க்க இரத்தத்தில் அளக்கும் நொதி) 86 வந்தது. வாந்தி, மஞ்சள் காமாலை ஒன்றும் இல்லை. டொக்டர் மருந்தை நிறுத்த வேண்டாம், அடுத்த கிழமை திரும்ப இரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் உயிரியல் படிப்பதால் வீட்டில் எல்லாரும் என்னைத்தான் பிடித்துக் கேட்கிறார்கள். தேடியதில், மருந்தால் ஈரல் கெடுவதை மிர்-122 என்ற மைக்ரோ ஆர்என்ஏ (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சின்ன ஆர்என்ஏ) எஸ்ஜிபிடிக்கு முன்னாலேயே காட்டிவிடும் என்று வாசித்தேன். அது எப்படி? கண்டியிலோ கொழும்பிலோ காசு கொடுத்தாவது செய்யலாமா? அம்மா இப்போது மறுபடி தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறார், கொழுந்துச் சாக்கும் தூக்குகிறார், அதையும் சொல்லி வைக்கிறேன்.

பதுளை_லேப்:
தம்பி, வாசித்தது சரிதான். ஈரல் கலத்தில் உள்ள மைக்ரோ ஆர்என்ஏக்களில் ஏறக்குறைய 70 வீதம் மிர்-122 மட்டும்தான், மற்ற உறுப்புகளில் அது இல்லை என்றே சொல்லலாம். கலம் உடைந்தால் அது இரத்தத்துக்குக் கசியும். சும்மா ஆர்என்ஏ என்றால் இரத்தத்தில் உள்ள நொதிகள் உடனே சிதைத்துவிடும், ஆனால் இது புரதத்தோடு ஒட்டிக்கொண்டோ சின்னக் கொழுப்புப் பைகளுக்குள்ளோ வருவதால் தப்பிவிடுகிறது. பரசிட்டமோல் அளவுக்கு மிஞ்சிக் கொடுத்த எலிகளில் எஸ்ஜிபிடிக்கு முன்பே மிர்-122, மிர்-192 இரண்டும் ஏறியதை 2009இல் காட்டினார்கள். பிறகு பரசிட்டமோல் கூடுதலாக விழுங்கி ஆஸ்பத்திரிக்கு வந்த மனிதர்களிலும் அதைப் பார்த்தார்கள். காசநோய் மருந்தால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களிலும் கூடுகிறது.

இது வெறும் அறிகுறி மட்டுமல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஈரலில் மிர்-122 இல்லாமல் செய்த எலிகளுக்குப் பரசிட்டமோல் இன்னும் மோசமாகத் தாக்கியது, ஏனென்றால் அந்த மருந்தை நச்சாக மாற்றும் சைட்டோகுரோம் நொதிகளை அடக்கி வைப்பதில் மிர்-122க்குப் பங்கு இருக்கிறது.

மஸ்கெலியா_77:
2024இல் மருத்துவ நோபல் பரிசே அம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் மைக்ரோ ஆர்என்ஏவுக்குத்தான் கிடைத்தது. அப்போ டெஸ்ட் சீக்கிரம் இங்கேயும் வந்துவிடும். பிசிஆர் மெஷின் கொரோனாவுக்குப் பிறகு எத்தனை இடத்தில் இருக்கிறது!

பதுளை_லேப்:
அவர்கள் 1993இல் அதைக் கண்டது ஒரு சின்னப் புழுவில் அண்ணா, ஈரல் டெஸ்டுக்கும் அந்தப் பரிசுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மெஷினும் பிரச்சினை இல்லை, எது நோர்மல் என்பதுதான் பிரச்சினை. நல்ல சுகமாக இருக்கும் இரண்டு பேரை எடுத்தாலே மிர்-122 அளவு பல மடங்கு வித்தியாசப்படும். எந்த எண்ணுக்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லா லேபும் ஒத்துக்கொள்ளும் ஒரு கோடு இன்னும் இல்லை. இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் போட்ட குழாயில் எடுத்தால் பிசிஆரே குழம்பும், அதே வேலைக்கு ஈடிடிஏ போட்ட குழாயில்தான் எடுக்க வேண்டும். அதனால் இப்போதைக்கு இது ஆய்வுகளில் பார்க்கிற சாமான். காசு கொடுத்து எடுத்தாலும் வரும் எண்ணை வைத்து உங்கள் டொக்டர் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

பண்டாரவளை_அக்கா:
தம்பி, நான் தாதியாக இருந்தவள். அம்மாவின் 86 நோர்மல் அளவின் மேல் எல்லையின் இரண்டு மடங்கு சொச்சம்தான். காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் எடுப்பவர்களில் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ இப்படிக் கொஞ்சம் ஏறி, மருந்து தொடரும்போதே தானாக இறங்கிவிடும். வழக்கமாக, வாந்தி, மஞ்சள், பசியின்மை இருந்தால் மூன்று மடங்கிலும் ஒன்றும் இல்லாவிட்டால் ஐந்து மடங்கிலும்தான் மருந்தை நிறுத்துவார்கள். முதல் இரண்டு மாதம் ஈரலைப் பாதிக்கக்கூடிய இன்னொரு காசநோய் மருந்தான பைரசினமைட்டும் சேர்ந்திருப்பதால் டொக்டர் திரும்பப் பார்ப்பது நியாயம்தான். நீங்களாக நிறுத்திவிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம், அது இதைவிடப் பெரிய தலைவலி.

அப்புறம் சாக்குத் தூக்குவதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். எஸ்ஜிபிடி தசையிலும் இருக்கிறது, கடுமையான வேலைக்குப் பிறகு ஈரலில் குறையே இல்லாமல் கூடும். மிர்-122க்கு மதிப்பு வருவதே இந்தக் குழப்பம் அதில் இல்லாததால்தானே. ஆனால் அதே கேள்விக்குச் தசை நொதியை அளக்கும் சாதாரண சிபிகே டெஸ்டும் பாதி விடை சொல்லும், சிபிகேயும் சேர்ந்து கூடியிருந்தால் தசையைச் சந்தேகப்படலாம். இரத்தம் எடுப்பதற்கு முந்தின ஒரு கிழமை பாரமான வேலை வேண்டாம். வீட்டில் சீந்தில் கஷாயம் காய்ச்சிக் கொடுக்கிறீர்களா? அதனாலேயே ஈரல் கெட்டவர்களை இந்தியாவில் 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

கொட்டகலை_தம்பி:
கஷாயம் கொடுக்கிறோம் அக்கா, பாட்டி காய்ச்சுகிறார், சீந்தில் போடுகிறாரா தெரியாது, இன்றைக்கே கேட்கிறேன். உடம்பு வலிக்கு அம்மா பனடோலும் (பரசிட்டமோல்தான்) போடுவார், அதையும் சொல்ல வேண்டுமா?

பண்டாரவளை_அக்கா:
கட்டாயம். ஒரு நாளைக்கு எத்தனை என்று கிளினிக் கொப்பியிலேயே எழுதிக் கொண்டு போங்கள்.