சமையலறை எம்சிபி அடிக்கடி டிரிப் ஆகிறது: 32 ஆம்பியருக்கு மாற்றலாமா?

அங் மோ கியோ வாசி:
வணக்கம். 1980-ஆம் ஆண்டுவாக்கில் கட்டப்பட்ட வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். காலையில் மின்கெட்டில், ஏர் பிரையர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் ஒருசேரப் போட்டால், சில நிமிடங்களில் சமையலறைக்கான 20 ஆம்பியர் எம்சிபி (மின்சுமை மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகி, அதாவது தானாக அணைந்துவிடுகிறது. புதுப்பிப்பு வேலைக்கு வந்த ஒப்பந்ததாரர், 32 ஆம்பியர் எம்சிபி போட்டால் தொல்லை தீரும் என்றும், ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பதால் ஆபத்து வராது என்றும் சொல்கிறார். இது சரிதானா?

வயரிங் முத்து:
சரியன்று. ஆர்சிசிபி பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: லைவ் கம்பி வழியாகப் போன மின்னோட்டம் அதே அளவில் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்பதை. ஈரக் கையுடன் ஒருவர் பழுதான கெட்டிலைத் தொட்டு, அவர் உடல் வழியாக மின்சாரம் தரைக்கு ஒழுகினால், அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் வீட்டு ஆர்சிசிபி இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் கம்பி தாங்கக்கூடியதைவிட அதிகமான மின்னோட்டம் ஓடினாலும், போனது முழுவதும் ஒழுங்காகத் திரும்பி வரும்வரை அதற்கு எதுவும் தெரியாது. அதைக் கவனிப்பது எம்சிபியின் வேலை.

உங்கள் கணக்கையே பாருங்கள். கெட்டில் 2,200 வாட், ஏர் பிரையர் 1,700, இண்டக்‌ஷன் 2,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 5,900 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 25 ஆம்பியருக்கு மேல் வருகிறது. குழாய்க்குள் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி சுமார் 24 ஆம்பியர்தான் தாங்கும். அதற்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டால், எம்சிபி பேசாமல் இருக்கும், சுவருக்குள் கம்பியின் உறை சூடேறிக்கொண்டிருக்கும். இப்போது டிரிப் ஆவது பழுதே அல்ல.

தெம்பனிஸ் குமார்:
முத்து சொல்வதுடன் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சாக்கெட்டுகளுக்கு 32 ஆம்பியர் எம்சிபி எப்போதுமே தவறு என்று ஆகிவிடாது. எம்சிபியிலிருந்து புறப்பட்டு எல்லா சாக்கெட்டுகளையும் சுற்றி மறுபடி அதே எம்சிபிக்கு வந்து சேரும் ரிங் சர்க்யூட்டில், சுமை இரு பக்கமும் பிரிந்து ஓடுவதால் அதே 2.5 கம்பிக்கு 32 வரை அனுமதி உண்டு. உங்களுடையது 20 ஆம்பியராக இருப்பதைப் பார்த்தால் ஒரே வழியாகப் போகும் ரேடியல் சர்க்யூட் என்றே தோன்றுகிறது. ஆயினும் அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் உரிமம் பெற்ற மின்பணியாளர். நீங்களாக டிபி பாக்ஸ் (எம்சிபிகள் இருக்கும் மின்பகிர்வுப் பெட்டி) மூடியைக் கழற்றிப் பார்க்காதீர்கள், ஏனெனில் மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்கு வரும் முனையில் மின்சாரம் இருக்கும்.

அங் மோ கியோ வாசி:
மிக்க நன்றி. மற்றொரு ஐயம். மின்விசிறி மாற்ற வந்தவர் கூரைப் பெட்டியைத் திறந்தபோது சிவப்பு, கறுப்புக் கம்பிகளுடன் பழுப்பு, நீலக் கம்பிகள் முறுக்கப்பட்டிருந்தன. அது கவலைக்குரியதா?

வயரிங் முத்து:
நிறம் மட்டும் என்றால் கவலை இல்லை. சிங்கப்பூரில் 2009 மார்ச் முதல் புதிய நிறங்கள் நடைமுறைக்கு வந்தன. சிவப்பு இருந்த இடத்தில் பழுப்பு லைவ், கறுப்புக்குப் பதில் நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த் மாறவில்லை. மூன்று லைவ் கம்பிகள் கொண்ட மும்முனை இணைப்பில்தான் விபரீதம்: அங்கே பழைய நீலம் ஒரு பேஸ், அதாவது லைவ், புதிய நீலம் நியூட்ரல். என்னைக் கவலைப்படுத்துவது முறுக்கு என்ற சொல்தான். இணைப்பான் இல்லாமல் முறுக்கி டேப் சுற்றியிருந்தால், தளர்ந்த இணைப்பு சூடாகும், அதை எம்சிபியோ ஆர்சிசிபியோ பெரும்பாலும் உணராது.

தெம்பனிஸ் குமார்:
ஆர்சிசிபி இருப்பதாக ஒப்பந்ததாரர் சொன்னதையும் சரிபாருங்கள். 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் அது இல்லாமலே இருந்திருக்கலாம். 2025 ஜூலை 1-க்குள் எல்லா வீடுகளிலும் அது பொருத்தப்பட வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தது. இருந்தால், அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். மின்பணியாளரின் உரிமத்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். வீட்டு வேலைக்கு 45 கேவிஏ (மின்சுமை அளவு) வரை அனுமதியுள்ள எலக்ட்ரீசியன் உரிமமே போதும். அவரிடம் இண்டக்‌ஷன் அடுப்புக்கென டிபி பாக்ஸிலிருந்து தனி சர்க்யூட் இழுக்கச் சொல்லுங்கள். வீட்டின் மொத்தச் சுமையும் மெயின் சுவிட்ச் வழியாகவே போவதால், அது 30 ஆம்பியர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.