அக்கா வாங்கிய கதிர்வீச்சு சிப்: என் அனுபவம்

போன வருடம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டில் இருந்த நாலு செல்போனின் முதுகிலும் பொன்நிறத்தில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர். "கதிர்வீச்சைக் குறைக்கிற சிப் தம்பி. பொருட்காட்சியில் மீட்டர் வைத்தே காட்டினார்கள்" என்றார். ஒன்று எண்ணூறு ரூபாய். மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி, அந்தக் கவலை.

நான் ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பவன். பணத்தைவிட அந்த மீட்டர்தான் என்னை உறுத்தியது. அக்கா இல்லாததைச் சொல்பவர் இல்லை. முள் நிஜமாகவே இறங்கியிருக்கும். ஏன் இறங்கியது?

அடுத்த வாரம் ரேடியோ அலையை அளக்கும் மீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். பொருட்காட்சியில் செய்தபடியே செய்தோம். நம்பரை அழுத்தியதும் முள் ஏறியது, சிப்பை ஒட்டியதும் இறங்கியது. "பார்த்தாயா" என்றார் அக்கா. சரி என்று சிப்பைப் பிரித்து வைத்துவிட்டு மறுபடி அழைத்தேன். இந்த முறை எதையும் ஒட்டவில்லை. அப்போதும் முள் ஏறி, சில நொடியில் தானாக இறங்கியது. அழைப்பு இணையும்போது போன் கூடுதல் சக்தியில் அலையை அனுப்பும். இணைந்ததும் "இவ்வளவு போதும்" என்று டவர் சொல்ல, குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வெறும் பொட்டை ஒட்டினாலும் முள் இறங்கத்தான் செய்யும். ஒட்டாமலும் ஒருமுறை காட்டுங்கள் என்று யாராவது கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

பெட்டிக்குள் ஆய்வகச் சான்றிதழும் இருந்தது. அக்கா அதைத்தான் பெரிதாக நம்பினார். வரி வரியாகப் படித்தோம். ஸ்டிக்கரில் காரீயம், பாதரசம் இல்லை என்று சோதித்த சான்றிதழ் அது. கதிர்வீச்சைப் பற்றி ஒரு வரி இல்லை.

இன்னொன்று. சிக்னல் குறையாது, கதிர்வீச்சு மட்டும் குறையும் என்று பெட்டியில் போட்டிருந்தது. போனிலிருந்து கிளம்பும் அந்த அலைதானே சிக்னல்! நிஜமாகவே எதையாவது வைத்து மறைத்தால், டவரை எட்டுவதற்காகப் போன் இன்னும் அதிக சக்தியில் அனுப்பும்.

ஒட்டினால் நஷ்டம் ஒன்றும் இல்லையே என்று மாமா கேட்டார். 2021 டிசம்பரில் நெதர்லாந்தில் நடந்ததைச் சொன்னேன். 5ஜியிலிருந்து காக்கும் என்று விற்ற பதக்கம், காப்பு, தூக்கக் கண்பட்டை என 10 பொருட்களில் கதிரியக்கம் இருப்பதாக அந்த நாட்டின் அணுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்தது. இல்லாத ஆபத்துக்குப் பயந்து, இருக்கிற ஆபத்தைக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

அக்காவின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011ல் இந்த அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. உறுதியான சான்று கிடைத்தவற்றுக்கான பிரிவு வேறு. போனின் அலைச் சக்தியை உடல் எவ்வளவு உள்வாங்குகிறது என்ற அளவைச் சார் (SAR) என்பார்கள். நம் நாட்டில் போனுக்கான சார் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். ஸ்டார் ஹாஷ் 07 ஹாஷ் அழுத்தி மருமகளின் போனைப் பார்த்தோம், வரம்புக்குள்தான் இருந்தது. தள்ளி வைத்தாலே அளவு வேகமாகக் குறையும் என்பதை மீட்டரிலேயே காட்டினேன். ஒரு முழம் தள்ளியதும் முள் எவ்வளவு விழுகிறது என்று அந்தப் பெண் தானே இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். இப்போது இயர்போனில்தான் பேசுகிறாள். ராத்திரி போன் அலமாரியில் இருக்கிறது.