வண்டியிலேயே நிலையாக ஒரு ஏர் கம்ப்ரஸர்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது (அனுபவப் பகிர்வு)

தார் டீசல், கோவை

மணலில் ஓட்டுவதற்காக டயரில் காற்றை இறக்குகிறோம், தார்ச்சாலைக்குத் திரும்பும்போது மறுபடி ஏற்ற வேண்டும்; அதற்குத்தான் இந்தக் கம்ப்ரஸர், அதாவது காற்று பம்பு. பெட்டி மேல் "150 பி.எஸ்.ஐ" (காற்றழுத்த அளவு) என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து கம்ப்ரஸர் வாங்க வேண்டாம். நம் டயருக்கு 30, 35-க்கு மேல் தேவையே இல்லை. 30 பி.எஸ்.ஐ அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வருகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பல கம்பெனிகள் எதிர்ப்பே இல்லாத நிலையில் வரும் அளவைத்தான் அச்சடிக்கின்றன. டயரில் மாட்டியதும் அது கணிசமாக இறங்கிவிடும்.

கணக்கு எளிது. மஹிந்திரா தாரில் வரும் 245/75 ஆர் 16 டயருக்குள் ஏறக்குறைய 70 லிட்டர் இடம். 15 பி.எஸ்.ஐ-யிலிருந்து 32-க்கு ஏற்ற வேண்டும் என்றால் 17 பி.எஸ்.ஐ. அதை 14.7-ஆல் வகுத்து 70-ஆல் பெருக்கினால் ஒரு டயருக்குச் சுமார் 80 லிட்டர் வெளிக்காற்று, நான்குக்கும் 320 லிட்டர். 30 பி.எஸ்.ஐ-யில் 40 லிட்டர் தரும் ஒற்றை சிலிண்டர் பம்புக்கு இது 8 நிமிட வேலை. ஏ.ஆர்.பி என்ற ஆஸ்திரேலியக் கம்பெனியின் இரட்டை மோட்டார் பம்பு 29 பி.எஸ்.ஐ-யில் 131 லிட்டர் தருகிறது, அதற்கு இரண்டரை நிமிடம். ஹோஸ் மாற்றும் நேரம் தனி. ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேலே போனால் காற்றின் அடர்த்தியே சுமார் 20 சதவீதம் குறைவு, அதனால் எந்தப் பம்பும் அந்த அளவு மெதுவாகத்தான் ஏற்றும்.

அடுத்தது டியூட்டி சைக்கிள், அதாவது மொத்த நேரத்தில் பம்பு எவ்வளவு நேரம் ஓடலாம் என்பது. 100 பி.எஸ்.ஐ-யில் 33 சதவீதம் என்றால் 15 நிமிடம் ஓடி 30 நிமிடம் ஆற வேண்டும். 30 பி.எஸ்.ஐ-யில் அதே பம்பு அதைவிடக் கூடுதல் நேரம் தாங்கும். தனியாக ஒரு வண்டி போகிறது என்றால் நல்ல ஒற்றை சிலிண்டரே போதும். நாலைந்து வண்டி ஒன்றாகப் போகும் குழுவில் உங்கள் வண்டிதான் காற்று வண்டி என்றால் இரட்டை மோட்டாருக்குப் போங்கள். நடுவில் யோசிக்க ஒன்றும் இல்லை.

வயரிங் வேலை செய்பவர், சேலம்

பம்பு சரியில்லைன்னு கழட்டிக் கொண்டு வர்றதுல நிறைய கேஸ் வயர் கோளாறுதான். பம்பு நல்லாத்தான் இருக்கும், அதுக்கு வோல்ட் போய்ச் சேராது.

பேட்டரியிலிருந்து பம்பு 3 மீட்டர்னா, போக வர 6 மீட்டர். 4 ஸ்கொயர் எம்.எம் வயர்ல 30 ஆம்ப் போனா கிட்டத்தட்ட 0.8 வோல்ட் வழியிலேயே காலி. 10 ஸ்கொயர்னா 0.3 வோல்ட்தான் போகும். இரட்டை மோட்டார் 60 ஆம்ப்புக்கு மேல இழுக்கும், அதுக்கு 16 ஸ்கொயர் போடுங்க. ஆம்ப்ளிஃபயர் கிட்னு மலிவா விக்கிற வயர்ல தாமிரப் பூச்சுக்குள்ள அலுமினியம் இருக்கும். பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளையா தெரிஞ்சா அதைத் தொடவே வேண்டாம். அதே தடிமன்ல அது தாமிரத்தைவிட ரொம்பக் குறைவாத்தான் கரன்ட் கடத்தும், கிரிம்ப் பண்ண (முனையை நசுக்கி இணைச்ச) இடமும் நாளாக ஆக லூஸ் ஆகிடும்.

ஃப்யூஸ் பேட்டரி பிளஸ்லேருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். ஃப்யூஸ் காப்பாத்துறது வயரை. பம்பு பக்கத்துல ஃப்யூஸ் வெச்சா, நடுவுல வயர் உரசி பாடியில ஒட்டினா தீதான். ஒரு மோட்டாருக்கு ஒரு 40 ஆம்ப் மேக்ஸி ஃப்யூஸ். இரட்டை மோட்டார்னா ரெண்டு ஃப்யூஸ், ரெண்டு ரிலே.

ரிலேங்கிறது சின்ன கரன்ட்டால பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுற சுவிட்ச். அதோட காலு: 30-க்கு ஃப்யூஸ் வழியா பேட்டரி, 87 பம்புக்கு, 85 எர்த், 86-க்கு டேஷ்போர்டு சுவிட்ச் வழியா இக்னிஷன் கரன்ட். பிரஷர் சுவிட்ச் (அழுத்தம் போதுமானதும் பம்பைத் தானே நிறுத்துறது) இந்த 86 லைன்ல மட்டும்தான் வரணும். மோட்டார் கரன்ட்டை நேரா பிரஷர் சுவிட்ச் வழியா விட்டா, உள்ளே இருக்கிற சின்ன பாயின்ட் உருகி ஒட்டிக்கும். அப்புறம் பம்பு நிக்கவே நிக்காது, சேஃப்டி வால்வு கத்துற வரைக்கும் ஓடும்.

வண்டியோட ஒரிஜினல் வயர் எதையும் வெட்டாதீங்க. இக்னிஷன் சப்ளை வேணும்னா ஃப்யூஸ் பாக்ஸ்ல ஃப்யூஸ் டேப் (இருக்கிற ஃப்யூஸ் இடத்துலயே செருகி தனி லைன் எடுக்கிற அடாப்டர்) போட்டு எடுங்க. நாளைக்கு வாரன்டிப் பேச்சு வந்தா அதைக் கழட்டிடலாம், வெட்டின வயரை மறைக்க முடியாது.

அதே வயரிங் பற்றி ஒரு சேர்க்கை, சென்னை

அண்ணன் சொன்னதோடு இதையும் பாருங்கள். சிக்னலில் தானே அணைந்து எரியும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளில் பேட்டரி மைனஸ் கிளாம்பிலேயே சிறிய சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும். கம்ப்ரஸரின் எர்த்தை நேராக பேட்டரி முனையில் மாட்டினால் அந்தக் கரன்ட் சென்சாரின் கணக்கில் வராது, பேட்டரி சார்ஜ் நிலவரம் தப்பாகப் பதிவாகும். சென்சாருக்கு அந்தப் பக்கம், பாடியில் இருக்கும் எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடவும்.

காற்று ஏற்றும்போது இன்ஜின் ஓடட்டும், முடிந்தால் 1,200 முதல் 1,500 ஆர்.பி.எம்மில். ஐடிலில் ஆல்டர்னேட்டர் முழு ஆம்ப் தராது, மிச்சத்தை பேட்டரிதான் ஈடுகட்டும். பொருத்தி முடித்ததும் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் இருப்பதற்கும் அங்கே காட்டுவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு ஜாயின்ட் சரியில்லை. கையால் தொட்டால் சுடுகிற இடம்தான் அது.

ஜிம்னி, தூத்துக்குடி

காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்க் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டயருக்கு மட்டும் என்றால் வேண்டாம். 4 லிட்டர் டேங்க் 150-லிருந்து 100 பி.எஸ்.ஐ-க்கு இறங்கும்போது தருவது 13, 14 லிட்டர் காற்று. மேலே கோவைக்காரர் போட்ட கணக்கில் ஒரு தார் டயருக்கே 80 லிட்டர். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் நிறையும். ஏர் லாக்கர் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும், காற்றால் இயங்கும் டிஃபரென்ஷியல் பூட்டு) வைத்திருந்தாலோ, ரிமில் ஏறாத டயரை ஒரே வீச்சில் உட்கார வைக்க வேண்டும் என்றாலோ டேங்க் உதவும். டேங்க் இருக்கிறதே என்று பல ஸ்வர ஹார்ன் மாட்டிவிடாதீர்கள், மத்திய மோட்டார் வாகன விதி 119 அதைத் தடை செய்கிறது.

டேங்க் வைத்தால் மூன்று பொருள் கட்டாயம்: பம்புக்கும் டேங்குக்கும் நடுவே செக் வால்வு (காற்றைத் திரும்பி வரவிடாதது), 175 பி.எஸ்.ஐ சேஃப்டி வால்வு, அடியில் தண்ணீர் வடிக்கும் காக். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். காக்கைத் திறக்காமல் விட்டால் தேங்கும் தண்ணீர் டேங்கை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. செக் வால்வு கசிந்தால் பம்பு தலையிலேயே அழுத்தம் நிற்கும், மோட்டார் அதை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் ஃப்யூஸ் போகும். அடிக்கடி ஃப்யூஸ் போகிறவர்கள் பெரிய ஃப்யூஸ் போடுவதற்கு முன்னால் செக் வால்வைப் பாருங்கள்.

தேரிச் செம்மணலில் 15 பி.எஸ்.ஐ-க்கு இறக்கி ஓட்டுகிறோம். பீட்லாக் (டயர் ஓரத்தை ரிமோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லாத ரிமில் 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிமை விட்டுக் கழன்றுவிடும். அப்படியே தார்ச்சாலையில் ஏறி வேகம் எடுத்தால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். வண்டியிலேயே பம்பு இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதே இதற்காகத்தான். எடுத்து மாட்டுவது சிரமமாக இருந்தால் "பங்க் வரைக்கும் போயிடலாம்" என்று தோன்றிவிடும்.

பழைய மேஜர் ஜீப், மதுரை

கசிவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் கடைகளில் கிடைக்கும் கால் அங்குல ஃபிட்டிங் பெரும்பாலும் பி.எஸ்.பி (பிரிட்டிஷ் மரை அளவு), அங்குலத்துக்கு 19 மரை. வெளிநாட்டுப் பம்புகள் பலவற்றில் என்.பி.டி (அமெரிக்க மரை அளவு), 18 மரை, மரையின் கோணமும் வேறு. இரண்டு சுற்று அழகாக ஏறும், அப்புறம் இறுகும். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் அலுமினியத் தலையின் மரை போய்விடும். பம்பின் மேனுவலைப் பார்த்து அதே மரையில் வாங்குங்கள், இல்லையென்றால் நடுவே ஒரு அடாப்டர் போடுங்கள்.

டெஃப்லான் டேப் சுற்றினால் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். ஏர் லாக்கர் லைனில் டேப்பே வேண்டாம், பசை மாதிரி வரும் த்ரெட் சீலன்ட் போடுங்கள். டேப் துணுக்கு சாலினாய்டு வால்வில் சிக்கினால் லாக்கர் விடுபடாது. பம்பை விட்டு வரும் காற்று கை வைக்க முடியாத சூடு, ஆகவே முதல் அரை மீட்டர் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ்தான். அதற்கு அப்புறம்தான் நீல நிற பி.யு (பாலியூரிதேன் பிளாஸ்டிக்) குழாய். நேராக பி.யு மாட்டினால் இளகி ஃபிட்டிங்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். எல்லாம் முடிந்ததும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், 100 பி.எஸ்.ஐ-யில் ஒரு குமிழிகூட வரக் கூடாது.

பழைய ஏ.சி கம்ப்ரஸரைக் காற்றுக்கு மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: தனி எண்ணெய்த் தொட்டி உள்ள பழைய யார்க் கம்பெனி பம்பு மாதிரி என்றால் ஓடும், காற்றோடு எண்ணெயும் வரும், அதற்கு வடிகட்டி வேண்டும். இப்போதைய ஏ.சி பம்புகளுக்கு கேஸோடு சுற்றும் எண்ணெய்தான் உயவு. வெறுங்காற்றில் சீக்கிரமே இறுகிப் போகும்.

தார் டீசல், கோவை

பொருத்தும் இடம் பற்றி விட்டுப்போனதைச் சேர்க்கிறேன். பிராக்கெட்டுக்கு 3 மி.மீ இரும்புத் தகடு. 2 மி.மீ போட்டால் கல்பாதை அதிர்வில் மடிப்பு ஓரம் விரிசல் விடும். ரப்பர் புஷ், நைலாக் நட்டு (அதிர்வில் கழலாதது) கட்டாயம். எக்ஸாஸ்ட், டர்போ பக்கம் வேண்டாம்: சுற்றுச் சூடே அதிகமாக இருந்தால் தெர்மல் கட்-அவுட் இரண்டாவது டயரிலேயே அணைத்துவிடும், திரும்ப ஓட அரை மணி நேரம் ஆகலாம். முடிந்தவரை உயரத்தில் வையுங்கள். பம்பு இன்ஜின் பேயில் இருந்தாலும், காற்று உறிஞ்சும் ஃபில்டரை மட்டும் ஒரு ஹோஸ் போட்டு கேபினுக்குள்ளோ ஃபயர்வால் உச்சிக்கோ கொண்டுபோனால் ஓடைத் தண்ணீரும் செம்மண் தூசியும் உள்ளே போகாது.

எண்ணெய் இல்லாப் பம்பில் எண்ணெய் ஊற்றக் கூடாது. தூசி அதில் ஒட்டி அரைக்கும் பசையாக மாறி பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். புழுதிப் பயணம் முடிந்ததும் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது ஹோஸ் கேஜ் காட்டுவது டயரின் அழுத்தம் இல்லை, அதைவிடக் கூடுதலாகவே காட்டும். ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் படியுங்கள். முதல் 500 கி.மீ ஓடியதும் பிராக்கெட் போல்ட், எர்த் போல்ட் இரண்டையும் மறுபடி முறுக்குங்கள். டேஷ்போர்டு பெட்டியில் ஸ்பேராக இரண்டு 40 ஆம்ப் ஃப்யூஸ், ஒரு ரிலே, ஹோஸ் முனைக்கு ஒரு ஓ-ரிங் போட்டு வைத்தால் காட்டுக்குள் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை அங்கேயே சரிசெய்துவிடலாம்.