மாலை மீட்டிங்கும் குடும்பச் செபமாலையும்

வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இந்த வருடம் ஷிப்ட் மாறியதிலிருந்து மாலை ஏழு முதல் ஒன்பதரை வரை மீட்டிங். குடும்பமாகச் செபமாலை சொல்லும் நேரமும் அதுதான்.

மேலாளரிடம் கேட்டேன், நேரம் மாறாது என்றார். விடியற்காலையில் முயன்றோம், பள்ளி அவசரத்தில் பிள்ளைகளின் வாய் மட்டும் அசைந்தது. இரவு பத்து மணிக்கு வைத்தால் செபமாலையின் ஐந்து பகுதிகளில் (மறைபொருள்களில்) இரண்டாவதிலேயே சின்னவள் தூங்கிவிடுகிறாள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் சொல்லும் சிறிய மூவேளை செபத்தில் நண்பகலுக்குரியதை மட்டும் நானும் மாமியாரும் விடாமல் சொல்கிறோம், அது பெரிய ஆறுதல். ஆனால் பிள்ளைகளும் சேர்ந்து முழந்தாளிட வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

ஐந்து மறைபொருள்களையும் ஒரே மூச்சில் சொல்லத் தேவையில்லை, அதே நாளுக்குள் பிரித்துச் சொல்லலாம் என்றார் பங்குத்தந்தை. அப்படிச் சொல்லும் குடும்பங்கள், பள்ளி போகும் பிள்ளைகளோடு எந்தெந்த நேரத்தில் சொல்கிறீர்கள்?