கடல் பிள்ளையை 1500 மீட்டருக்கு அனுப்பலாமா?

காசிமேட்டுக்காரன்:
என் அக்கா மகனுக்கு 13 வயது. தூண்டில் வளைவை (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) தாண்டிப் போய் நீந்திவிட்டு, மூச்சிரைக்காமல் கரையேறுவான். 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சேர்த்துவிடச் சொல்கிறார் ஒரு கோச். எனக்கு மனசில்லை. 1994-ல் குற்றாலீஸ்வரன் கிட்டத்தட்ட இதே வயதில், ஒரே வருடத்தில் ஆறு கடல் கால்வாய்களை நீந்திக் கடந்தார். மிஹிர் சென் 1966-ல் கடந்தது ஐந்து. நம் ஊர்ப் பையனுக்கு கடல் இருக்கும்போது குளம் எதற்கு?

ராயபுரம் நீச்சல்காரி:
அண்ணே, அதற்கப்புறம் நடந்ததையும் பாருங்கள். அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. ஆனாலும் செலவுக்குக் கைகொடுக்க ஆளில்லாமல் படிப்புப் பக்கம் போய்விட்டார். ஒவ்வொரு கடப்புக்கும் துணைப்படகு, பயணம், அனுமதி என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். நான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவள். அங்கே என்னிடம் கேட்டது குளத்துப் போட்டிச் சான்றிதழைத்தான்.

அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி 15 வயதில் லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வாங்கினார். 2024 பாரிஸிலும் அதே தூரத்தில் தங்கம், தொடர்ந்து நான்காவது முறை. 2018-ல் 1500 மீட்டரை 15 நிமிடம் 20.48 விநாடியில் முடித்தார். அதாவது ஒவ்வொரு 50 மீட்டருக்கும் சராசரியாக 31 விநாடிக்கும் குறைவு, முப்பது முறை! அந்தச் சீரான வேகத்தைச் சுவரும் கடிகாரமும்தான் கற்றுத்தரும்.

காசிமேட்டுக்காரன்:
கடலில் இருக்கும் பாடம் குளத்தில் இல்லையே, தங்கச்சி. நீரோட்டத்தைப் படிக்கணும், சொறிமீன் பட்டாலும் பதறக்கூடாது. 10 கிலோமீட்டர் திறந்தநீர் நீச்சல் 2008-லிருந்து ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது. ஆண்கள் பிரிவில் முதல் தங்கம் வாங்கிய மார்டன் வான் டெர் வெய்டன் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர்.

எண்ணூர் வாசி:
எந்தக் கடலைச் சொல்கிறீர்கள் அண்ணே? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எங்கள் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததே, மறந்துவிட்டதா? வலையெல்லாம் பிசுக்கு. இந்தத் தண்ணீரில் தினமும் ஒரு பிள்ளையை இறக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

காசிமேட்டுக்காரன்:
அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் 50 மீட்டர் குளம் வேளச்சேரியில் இருக்கிறது. விடியும் முன்னே பீச் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பிடித்து, திரும்பி வந்து பள்ளிக்கும் போகணும். எத்தனை நாள் தாங்குவான்?

ராயபுரம் நீச்சல்காரி:
தினமும் வேண்டாம். பெரியமேடு மைலேடி பூங்கா குளத்தில் தொடங்கட்டும், வாரத்தில் இரண்டு நாள் வேளச்சேரி போதும். கடலில் திசை பார்க்கத் தலையைத் தூக்கித் தூக்கிப் பழகியிருப்பான். குளத்தில் அப்படிச் செய்தால் இடுப்பு தாழ்ந்து வேகம் போய்விடும், அதை இந்த வயதிலேயே மாற்றணும். 1500 மீட்டரில் 29 திருப்பம். ஒவ்வொன்றிலும் அரை விநாடி விட்டால்கூட மொத்தம் பதினாலரை விநாடி!

துனிசியாவின் உசாமா மெல்லூலி 2008 ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில், முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் வென்ற கிராண்ட் ஹாக்கெட்டையே முந்தித் தங்கம் வாங்கினார். 2012-ல்தான் 10 கிலோமீட்டர் தங்கம். குளம் முதலில், கடல் அப்புறம்.

காசிமேட்டுக்காரன்:
அவர் வழி அது. கடலை விடச் சொன்னால் இவன் நீச்சலையே விட்டுவிடுவான், எனக்குத் தெரியும்.

ராயபுரம் நீச்சல்காரி:
விடச் சொல்லவில்லை அண்ணே. சனிக்கிழமை பெரியமேட்டுக்குக் கூட்டி வாருங்கள். 400 மீட்டர் நீந்தட்டும், நானே நேரம் எடுக்கிறேன். முதல் நூறும் கடைசி நூறும் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.