பெர்லின் நாஜிகளுக்குப் பெரும்பான்மை தராத ஊர்தானே, அப்புறம் எப்படி விழுந்தது?

கேள்வி:
இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவிலான பெர்லினைப் பற்றி ஒரு மாதமாகப் படிக்கிறேன், மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. 1932 நவம்பர் தேர்தலில் அந்த ஊரில் கம்யூனிஸ்டுகள்தான் முதலிடம். சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டையும் சேர்த்தால் பாதியைத் தாண்டுகிறது. ஹிட்லர் பதவிக்கு வந்த பிறகு, அத்தனை மிரட்டலுக்கு நடுவே நடந்த 1933 மார்ச் தேர்தலில்கூட நாடு முழுக்க 43.9 சதவீதம் வாங்கிய நாஜிகளுக்கு பெர்லினில் கிடைத்தது 34.6தான். நாடகமும் சினிமாவும் பத்திரிகையும் கொழித்த ஊர். எங்கே சறுக்கியது?

பதில் 1:
அந்தப் பாதி வெறும் காகிதக் கணக்கு நண்பரே. இரண்டு கட்சிக்கும் ஜென்மப் பகை. 1929 மே தினத்தன்று ஊர்வலத்துக்குத் தடை போட்ட போலீஸ் தலைவர் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். தடையை மீறி கம்யூனிஸ்டுகள் இறங்க, வெட்டிங், நாய்க்கோல்ன் பகுதிகளில் போலீஸ் சுட்டு 30 பேருக்கு மேல் செத்தார்கள். ஜன்னலை மூடு என்று கத்தியும் மூடாமல் தன் வீட்டிலேயே நின்ற ஒருவரையும் சுட்டார்கள், அவரும் அதே சமூக ஜனநாயகக் கட்சி உறுப்பினர். இதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரே மேடையில் ஏறுவார்களா?

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் பசியை விட்டுவிட்டீர்கள். 1920 மார்ச்சில் குடியரசைக் கவிழ்க்க காப் என்ற வலதுசாரி படையோடு வந்து பெர்லினைப் பிடித்தபோது தொழிலாளர்கள் மொத்த ஊரையும் நிறுத்தினார்கள். தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, டிராம் இல்லை, நாலைந்து நாளில் ஆள் ஓடிப்போனார். 1932 ஜூலை 20 அன்று நாட்டின் சான்சலர் (பிரதமர் மாதிரி) பாப்பன், பெர்லின் அடங்கிய பிரஷ்ய மாநிலத்தின் அரசைத் தூக்கி எறிந்து பெர்லின் போலீஸையும் கையில் எடுத்துக்கொண்டபோது தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்குக் கூப்பிடவே இல்லை. நாட்டில் 50 லட்சம் பேருக்கு மேல் வேலை இல்லாமல் இருந்த நேரம் அது. ஒருத்தன் வேலையை விட்டு வெளியே வந்தால் அந்த இடத்துக்குப் பத்துப் பேர் கேட்டருகே நிற்பார்கள். என்னைக் கேட்டால் பெர்லின் விழுந்தது அன்றைக்குத்தான், 1933 ஜனவரியில் இல்லை.

பதில் 3:
கலை கொழித்த ஊர் என்றீர்களே, 1930 டிசம்பரில் நோலண்டார்ஃப் சதுக்கத்து அரங்கில் நடந்ததைப் பாருங்கள். எழுத்தாளர் ரெமார்க்கின் போர் நாவலை வைத்து எடுத்த அமெரிக்கப் படம், ‘ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’. நாஜிகளின் பெர்லின் தலைவர் கோயபல்ஸும் அவர் ஆட்களும் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்து, படம் ஓடும்போது நாற்றக் குண்டு வீசி, வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டார்கள். இருட்டில் காலடியில் எலி ஓடினால் யார் படம் பார்ப்பார்கள்? காட்சி நின்றது. ஒரு வாரத்துக்குள் தணிக்கைக் குழு படத்தையே தடை செய்தது, வெளிநாட்டில் ஜெர்மனியின் பெயர் கெடுகிறதாம். அது குடியரசின் தணிக்கைக் குழு, ஹிட்லர் வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

கேள்வி கேட்டவர்:
எலிக் கதை தெரியும், தடை போட்டது குடியரசே என்பது தெரியாது. பதில் 2 எழுதியவருக்கு ஒன்று: 1932 நவம்பரில், தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் தொடங்கிய பெர்லின் போக்குவரத்து வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்டுகளும் நாஜிகளும் ஒரே பக்கம் நின்றார்களே, அதை எப்படிப் பார்க்கிறீர்கள்?